சாப்பிடாத நேரத்திலும் இன்சுலின் எதற்கு? இன்சுலின் பம்ப் பற்றி நம் வீடுகள் அறிய வேண்டியவை





இரண்டு ரமளானுக்கு முன்பு எங்கள் குடும்பத்தில் நடந்த ஒன்றைச் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

என் அண்ணன் மகளுக்கு அப்போது 13 வயது. ஒன்பது வயதிலிருந்தே அவளுக்கு டைப் 1 சர்க்கரை நோய். தினம் நான்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தவளுக்கு அந்த ஆண்டுதான் அண்ணன் கடனை உடனை வாங்கி இன்சுலின் பம்ப் பொருத்தியிருந்தார். பொருத்தி நான்கு மாதம்கூட ஆகவில்லை. ரமளான் வந்தது. "இந்த வருஷம் நானும் நோன்பு பிடிப்பேன்" என்று பிள்ளை அடம்பிடித்தாள். டாக்டரிடம் யாரும் கேட்கவில்லை. ஸஹர் முடிந்ததும் என் அம்மா, அதாவது அவளுடைய பாட்டி, பாசத்தோடு ஒரு வார்த்தை சொன்னார்: "வாயில தண்ணிகூட படப்போறதில்ல. அப்புறம் எதுக்கும்மா மருந்து? சுகர் இறங்கிடப்போகுது. கழட்டி வச்சிடு."

எங்கள் எல்லோருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. பிள்ளை பம்பைக் கழற்றி அலமாரியில் வைத்தாள்.

காலை பத்து மணிக்கு வயிறு வலிக்கிறது என்றாள். லுஹருக்கு முன்பே இரண்டு முறை வாந்தி. மூச்சு வேகமாக வாங்கியது. நோன்பு மயக்கம் என்று நினைத்துப் படுக்கவைத்தோம். சந்தேகம் வந்து குளுக்கோமீட்டரில் பார்த்தபோது 430 என்று காட்டியது. தூக்கிக்கொண்டு ஓடினோம். மூன்று நாள் தீவிர சிகிச்சை. அல்ஹம்துலில்லாஹ், பிள்ளை மீண்டு வந்தாள்.

மூன்றாம் நாள் டாக்டர் எங்களை உட்காரவைத்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "பேசல் என்றால் என்ன என்று வீட்டில் யாருக்காவது தெரியுமா?" யாருக்கும் தெரியவில்லை. பம்ப் வாங்கியிருந்தோம். அதன் பாஷையை யாரும் கற்றுக்கொள்ளவில்லை.

அந்தப் பாஷையை நம் வீட்டுப் பேச்சில் சொல்லிப் பார்ப்பதே இந்தக் கட்டுரை. பம்ப் வைத்திருக்கும் பிள்ளையின் பெற்றோர் மட்டும் படித்தால் போதாது. பாட்டி, மாமி, பள்ளி ஆசிரியர், மதரஸா உஸ்தாது எல்லோரும் படிக்க வேண்டும். ஏனென்றால் ஆபத்தான ஆலோசனை பெரும்பாலும் அன்பானவர்களிடமிருந்துதான் வருகிறது.

எந்தச் சர்க்கரை நோய்க்கு இந்தப் பம்ப்?

புதுச்சேரியில் சர்க்கரை நோய் இல்லாத தெரு கிடையாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆதரவில் நடந்த 'இண்டியாப்' ஆய்வின் முடிவு 2023இல் வெளியானது. அதன்படி புதுச்சேரியில் வயது வந்தோரில் 26.3 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். கோவாவுக்கு அடுத்தபடியாக நாட்டிலேயே அதிகம் இங்குதான். நாட்டின் சராசரி 11.4 சதவீதம்.

ஆனால் இவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இருப்பது டைப் 2. உடலில் இன்சுலின் சுரக்கும், ஆனால் போதாது, அல்லது சரியாக வேலை செய்யாது. உணவுக் கட்டுப்பாடு, நடை, மாத்திரை, தேவைப்பட்டால் ஊசி என்று சமாளிக்கலாம். பம்ப் பொதுவாகத் தேவைப்படாது.

டைப் 1 வேறு. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை உடலின் எதிர்ப்புச் சக்தியே தவறுதலாக அழித்துவிடுகிறது. பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலோ இளமையிலோ வரும். அதிக இனிப்புத் தின்றதால் வந்ததல்ல, தாய் கவனிக்காததால் வந்ததும் அல்ல. இவர்களின் உடலில் இன்சுலின் ஏறக்குறைய இல்லவே இல்லை. வெளியிலிருந்து கொடுத்தால்தான் உயிர் வாழ முடியும். பம்ப் முக்கியமாக இவர்களுக்காகத்தான்.

இன்சுலின் கண்டுபிடிக்கப்படும் முன்பு டைப் 1 வந்த பிள்ளை சில மாதங்களில், மிஞ்சினால் ஓரிரு ஆண்டுகளில் இறந்துவிடும். 1921இல் கனடாவின் டொரண்டோ நகரில் பான்டிங், பெஸ்ட் என்ற இருவரும் அவர்களுடைய குழுவினரும் இன்சுலினைப் பிரித்தெடுத்தார்கள். 1922 ஜனவரியில் லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக அது செலுத்தப்பட்டது. அன்று தொடங்கி உலகெங்கும் இந்தப் பிள்ளைகள் பிழைத்து வாழ்கிறார்கள், படிக்கிறார்கள், திருமணம் முடிக்கிறார்கள். கிரிக்கெட் வீரர் வசீம் அக்ரமுக்கு 1997இல் டைப் 1 இருப்பது தெரிந்தது. அதற்குப் பிறகும் ஆறு ஆண்டுகள் அவர் சர்வதேச ஆட்டங்களில் வேகப்பந்து வீசினார்.

பம்ப் என்றால் என்ன?

பழைய பட்டன் செல்போன் அளவுக்கு ஒரு கருவி. இடுப்பில் மாட்டிக்கொள்ளலாம், சட்டைப்பையில் போட்டுக்கொள்ளலாம். அதன் பாகங்கள் நான்கு.

*ரிசர்வாயர்:* இன்சுலின் நிரப்பும் சிறு குப்பி. இரண்டு மூன்று நாளுக்குத் தேவையான மருந்து இதில் இருக்கும்.

*டியூப்:* குப்பியிலிருந்து உடலுக்கு மருந்து வரும் மெல்லிய குழாய். டியூப் இல்லாமல் உடலிலேயே ஒட்டிக்கொள்ளும் பம்புகளும் வெளிநாடுகளில் புழக்கத்தில் உள்ளன.

*கேனுலா:* தோலுக்கு அடியில் இருக்கும் மிருதுவான சிறு குழல். ஊசியின் உதவியால் இது உள்ளே போகும். பிறகு ஊசியை எடுத்துவிடுவார்கள், குழல் மட்டும் பிளாஸ்திரியோடு தங்கும். வயிறு, தொடை, மேற்கை, இடுப்பின் பின்பக்கம் ஆகிய இடங்களில் பொருத்தலாம். இரண்டு அல்லது மூன்று நாளுக்கு ஒருமுறை இடத்தை மாற்றிப் புதிதாகப் போட வேண்டும். ஒரே இடத்தில் போட்டுக்கொண்டிருந்தால் தோலுக்கடியில் கட்டி போலத் தடித்து, இன்சுலின் சரியாக உறிஞ்சப்படாது. டியூபும் கேனுலாவும் சேர்ந்ததைத்தான் 'இன்ஃப்யூஷன் செட்' என்கிறார்கள்.

*இயந்திரம்:* பேட்டரியில் ஓடும் சிறு மோட்டாரும் கணினியும். நாம் சொல்லும் அளவை, சொல்லும் நேரத்தில், துளித்துளியாக உள்ளே தள்ளுவது இதன் வேலை.

1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் அர்னால்ட் கடிஷ் என்ற மருத்துவர் முதலில் செய்த கருவி, முதுகில் சுமக்கும் மூட்டை அளவு இருந்தது. தோலுக்கடியில் தொடர்ந்து இன்சுலின் செலுத்தும் இன்றைய முறையை 1978இல் லண்டன் கைஸ் மருத்துவமனையின் மருத்துவர்கள் செய்துகாட்டினார்கள். அந்த மூட்டைதான் இன்று சட்டைப்பைக்குள் அடங்கியிருக்கிறது.

பேசல்: எல்லோரும் மறக்கும் சொல்

எங்கள் வீட்டில் நடந்த தவறு இந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது.

நாம் சாப்பிடாவிட்டாலும் உடலுக்குச் சர்க்கரை தேவை. மூளை, இதயம் எதுவும் ஓய்வெடுப்பதில்லை. அதனால் கல்லீரல் தன்னிடம் சேமித்து வைத்திருக்கும் சர்க்கரையை இரவு பகலாகக் கொஞ்சம் கொஞ்சமாக இரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். அந்தச் சர்க்கரை செல்களுக்குள் போக இன்சுலின் வேண்டும். கல்லீரல் அளவுக்கு மீறிக் கொட்டாமல் தடுப்பதும் இன்சுலின்தான். நலமாக இருப்பவருக்கு உறக்கத்திலும் நோன்பிலும் கணையம் இந்தச் சிறு அளவைச் சுரந்துகொண்டே இருக்கும்.

இந்த 24 மணி நேரச் சொட்டுதான் 'பேசல்'. அடிப்படை இன்சுலின் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளில் செலுத்தும் மொத்த இன்சுலினில் ஏறக்குறைய பாதி இதற்கே போகும்.

பம்பில் இதை மணிக்கு இத்தனை யூனிட் என்று டாக்டர் அமைத்துக் கொடுப்பார். இதற்குப் 'பேசல் ரேட்' என்று பெயர். உதாரணமாக, பகலில் மணிக்கு 0.5 யூனிட், விடியற்காலை மூன்றிலிருந்து ஏழு வரை 0.8 யூனிட். அதிகாலையில் பலருக்கு உடலின் மற்ற ஹார்மோன்கள் சர்க்கரையை ஏற்றிவிடும் என்பதால் அப்போது சற்றுக் கூடுதல். இப்படி மணிக்கு மணி மாற்ற முடிவதுதான் பம்பின் பெரிய வசதி. ஊசியில் நாள் முழுவதுக்கும் சேர்த்து ஒரே அளவாகப் போட்டுவிட வேண்டும்.

இன்சுலின் அடியோடு நின்றுவிட்டால் என்ன ஆகும்? இரத்தத்தில் சர்க்கரை நிறைய இருந்தும் செல்களுக்குள் போக வழியில்லை. உடல் பட்டினி என்று நினைத்துக் கொழுப்பை எரிக்கத் தொடங்கும். அதிலிருந்து 'கீட்டோன்' என்ற அமிலப் பொருள் பெருகி இரத்தத்தையே அமிலமாக்கிவிடும். வயிற்று வலி, வாந்தி, வேகமான மூச்சு, வாயில் பழ வாடை, கடைசியில் மயக்கம். இதற்கு 'டிகேஏ' என்று பெயர். கவனிக்காவிட்டால் உயிரைப் பறித்துவிடும்.

இதில் பம்புக்கே உரிய ஓர் ஆபத்து உண்டு. ஊசி முறையில் போடும் நீண்ட நேர இன்சுலின் ஒரு நாள் அளவுக்கு உடலில் தங்கும். ஒரு வேளை தவறினாலும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். பம்பில் இருப்பது வேகமாக வேலை செய்து, மூன்று நான்கு மணி நேரத்தில் தீர்ந்துவிடும் இன்சுலின் மட்டுமே. பம்ப் நின்றால் அதன் பிறகு உடலில் கையிருப்பு எதுவும் இல்லை. கழற்றிவிட்டாலும் சரி, டியூப் மடங்கினாலும் சரி, கேனுலா வளைந்தாலும் சரி, சில மணி நேரத்திலேயே நிலைமை மோசமாகிவிடும். குளிக்க, நீந்தக் கழற்றினாலும் ஒரு மணி நேரத்துக்குள் திரும்ப மாட்டிவிட வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான்.

போலஸ்: சாப்பாட்டுக்கான கணக்கு

சாப்பிடும்போது ஏறும் சர்க்கரைக்காக ஒரே தடவையில் கொடுப்பது 'போலஸ்'. இதை பம்ப் தானாகத் தீர்மானிக்காது. என்ன சாப்பிடப்போகிறோம் என்று நாம்தான் சொல்ல வேண்டும். அதற்கு நான்கு எண்கள் தெரிந்திருக்க வேண்டும்.

*கார்ப் அளவு:* உணவில் உள்ள மாவுச்சத்து எத்தனை கிராம் என்ற கணக்கு. நடுத்தர இட்லி ஒன்றில் சுமார் 10 கிராம். ஒரு கப் சோற்றில் சுமார் 45 கிராம். சிறிய பேரீச்சம்பழம் ஒன்றில் ஐந்தாறு கிராம். முட்டையிலும் இறைச்சியிலும் மாவுச்சத்து ஏறக்குறைய இல்லை.

*கார்ப் விகிதம்:* ஒரு யூனிட் இன்சுலின் எத்தனை கிராம் மாவுச்சத்தைச் சமாளிக்கும் என்பது. பிள்ளைக்குப் பிள்ளை மாறும். ஒரே பிள்ளைக்கே காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று இருக்கும்.

*திருத்த அளவு:* ஒரு யூனிட் இன்சுலின் இரத்தச் சர்க்கரையை எத்தனை புள்ளி இறக்கும் என்பது. டாக்டர்கள் இதை 'சென்சிடிவிட்டி ஃபேக்டர்' என்பார்கள்.

*உடலில் மிச்சமுள்ள இன்சுலின்:* முன்பு கொடுத்த போலஸில் இன்னும் வேலை முடியாமல் இருக்கும் பங்கு. 'ஆக்டிவ் இன்சுலின்' என்று பம்பின் திரையில் வரும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கார்ப் விகிதம் 10, திருத்த அளவு 50, இலக்கு 120 என்று வைத்துக்கொள்வோம். காலையில் சர்க்கரை 220. மூன்று இட்லி சாப்பிடப்போகிறாள். 30 கிராம் மாவுச்சத்துக்கு 3 யூனிட். 220இலிருந்து 120க்கு இறங்க வேண்டியது 100. அதை 50ஆல் வகுத்தால் 2 யூனிட். ஆக 5. ஆனால் முன்பு போட்டதில் 1 யூனிட் இன்னும் உடலில் மிச்சம் இருக்கிறது. அதைக் கழித்து 4 யூனிட். சர்க்கரை அளவையும் கிராமையும் கொடுத்தால் இந்தக் கூட்டல் கழித்தலைப் பம்பே போட்டுக் காட்டும். இவை விளக்கத்துக்கான எண்கள் மட்டுமே. உங்கள் பிள்ளையின் எண்களை உங்கள் டாக்டர்தான் தர வேண்டும்.

கடைசியில் சொன்ன கழித்தலை லேசாக நினைக்காதீர்கள். "இன்னும் இறங்கலையே" என்று அரை மணிக்கு ஒருமுறை போலஸ் போட்டால், எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து சர்க்கரையைப் பாதாளத்துக்கு இறக்கிவிடும். நலம் நாடுபவர்கள் செய்யும் இரண்டாவது பெரிய தவறு இது.

நம் வீட்டு விருந்துக்கு வருவோம். நிக்காஹ் வீட்டு பிரியாணியில் சோறும் உண்டு, நெய்யும் கறிக் கொழுப்பும் உண்டு. கொழுப்பு செரிமானத்தைத் தாமதப்படுத்தும். சாப்பிட்டு ஒரு மணி நேரம் வரை சர்க்கரை நல்ல பிள்ளையாக இருக்கும். மூன்று நான்கு மணி நேரம் கழித்து ஏறிக்கொண்டே போகும். முழு போலஸையும் தொடக்கத்திலேயே கொடுத்தால் முதலில் இறங்கிவிடும், பிறகு ஏறிவிடும். இதற்காகவே பல பம்புகளில் போலஸைப் பிரித்துக் கொடுக்கும் வசதி இருக்கிறது. 9 யூனிட் தேவை என்றால் 5 யூனிட் உடனே, மீதி 4 யூனிட் அடுத்த இரண்டு மூன்று மணி நேரத்தில் மெதுவாக. தானியங்கி முறையில் ஓடும்போது சில பம்புகளில் இந்த வசதி கிடைக்காது. உங்களுடையது எப்படி என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சென்சாரும் தானியங்கிப் பம்பும்

'சிஜிஎம்' என்பது தோலில் ஒட்டும் சிறு சென்சார். தோலுக்கடியில் உள்ள திரவத்தின் சர்க்கரையை அளந்து, சில நிமிடத்துக்கு ஒருமுறை திரையிலோ போனிலோ காட்டும். இரத்தத்தில் நடக்கும் மாற்றம் இதில் தெரிய ஐந்து பத்து நிமிடம் பிந்தும். அதனால் திரையில் காட்டுவதும் பிள்ளையின் உடல்நிலையும் ஒத்துப்போகாவிட்டால் விரலில் குத்திப் பார்த்துவிட வேண்டும்.

சென்சார் சொல்வதைக் கேட்டு பேசலைத் தானே கூட்டிக் குறைக்கும் பம்புகளும் வந்துவிட்டன. இந்த வகையில் முதலாவதற்கு 2016இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. சர்க்கரை இறங்கும் போக்கு தெரிந்தால் இன்சுலினைக் குறைக்கும், நிறுத்தும். இரவில் பிள்ளையின் சர்க்கரை இறங்கிவிடுமோ என்று விழித்துக் கிடக்கும் தாய்க்கு இது பெரிய நிம்மதி. ஆனாலும் இது பாதித் தானியங்கிதான். சாப்பாட்டை இன்னமும் நாம்தான் சொல்ல வேண்டும். சொல்லாமல் சாப்பிட்டால் இயந்திரம் பின்னாலேயே துரத்திக்கொண்டு ஓடும்.

'டைம் இன் ரேஞ்ச்' என்ற சொல்லும் இத்தோடு வரும். சர்க்கரை 70க்கும் 180க்கும் இடையில் ஒரு நாளில் எவ்வளவு நேரம் இருந்தது என்பதுதான் அது. பெரும்பாலோருக்கு 70 சதவீதத்துக்கு மேல், அதாவது நாளில் சுமார் 17 மணி நேரம் என்பது இலக்கு. மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் 'எச்பிஏ1சி' பரிசோதனையோடு இதையும் சேர்த்துப் பார்த்தால்தான் படம் முழுமையாகும். பாதி நேரம் 40ம் பாதி நேரம் 300மாக இருந்தாலும் சராசரி நன்றாகவே தெரியும். பிள்ளை நன்றாக இருக்காது.

பம்பில் ஊற்றும் மருந்து ஹலாலா?

பெரியவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி. அடிப்படை இல்லாத சந்தேகமும் இல்லை. ஆரம்ப காலத்தில் இன்சுலின் மாடு, பன்றி ஆகியவற்றின் கணையத்திலிருந்துதான் எடுக்கப்பட்டது. 1982இல் மரபணுத் தொழில்நுட்பத்தால் உண்டாக்கிய மனித இன்சுலின் விற்பனைக்கு அனுமதி பெற்றது. நம் நாட்டில் பயோகான் நிறுவனம் 2004இல் அத்தகைய இன்சுலினைக் கொண்டுவந்தது. இன்று பம்புகளில் பயன்படும் லிஸ்ப்ரோ, அஸ்பார்ட், குளுலிசின் ஆகிய வேக இன்சுலின்கள் பாக்டீரியா அல்லது ஈஸ்ட் மூலம் உருவாக்கப்படுபவை. பன்றிக் கணையத்திலிருந்து எடுக்கப்படுபவை அல்ல.

நோன்பும் தொழுகையும்

நோயாளிக்கு நோன்பில் சலுகை உண்டு என்பதை அல்பகரா அத்தியாயத்தின் 184, 185ஆம் வசனங்களிலிருந்து நாம் அறிவோம். பருவமடையாத பிள்ளைக்கு நோன்பு கடமையே இல்லை. இதை மறந்து "அவன் பிடிக்கிறானே, நீ பிடிக்கலையா?" என்று கேட்டு டைப் 1 பிள்ளையைக் கூனிக்குறுக வைப்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். தயவு செய்து அதை நிறுத்துங்கள்.

13 நாடுகளில் நடத்தப்பட்டு 2004இல் வெளியான 'எபிடியார்' என்ற பெரிய ஆய்வில், டைப் 1 உள்ளவர்களுக்கு மற்ற மாதங்களைவிட ரமளானில் கடுமையான லோ சுகர் ஏறக்குறைய ஐந்து மடங்கு அதிகமாக ஏற்பட்டது தெரியவந்தது. எனவே நோன்பு பிடிக்கலாமா என்பதை ரமளானுக்கு இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்பே டாக்டரிடம் கேட்டுத் தீர்மானிக்க வேண்டும். அவர் அனுமதித்தால், நோன்பின் கடைசி சில மணி நேரத்துக்குப் பேசலைக் குறைத்தும், இஃப்தாருக்குப் பிறகு தேவைக்கேற்பக் கூட்டியும் ஓர் அட்டவணை அமைத்துத் தருவார். குறைப்பது வேறு, கழற்றி வைப்பது வேறு. நாங்கள் செய்த பிழை அதுதான்.

நோன்பில் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினாலோ, 300க்கு மேலே ஏறினாலோ, உடல் நலமில்லை என்று தோன்றினாலோ உடனே நோன்பை முறித்துவிட வேண்டும் என்று சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பின் ரமளான் வழிகாட்டி கூறுகிறது. மஃரிபுக்கு இன்னும் அரை மணி நேரம்தானே என்று காத்திருக்கக் கூடாது.

இன்சுலின் செலுத்துவதால் நோன்பு முறியுமா? உணவாகச் செல்லாத, தோல் வழியாகவும் தசை வழியாகவும் போடப்படும் ஊசிகள் நோன்பை முறிக்காது என்று 1997இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி தீர்மானித்தது. மற்றபடி உங்கள் ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். கேட்கும்போது, ஊட்டச்சத்து எதுவும் உள்ளே போவதில்லை, இன்சுலின் மட்டுமே போகிறது என்பதை விளக்கிச் சொல்லுங்கள்.

கேனுலா ஒட்டும் இடங்கள் பெரும்பாலும் ஒளூவின் உறுப்புகளில் வருவதில்லை. குளிக்கும்போது டியூபைக் கழற்றிவிடலாம். தோலில் இருக்கும் பிளாஸ்திரியோடு கடமையான குளிப்பை நிறைவேற்றுவது பற்றி ஆலிமிடம் கேளுங்கள். குளிப்புக்காக அவசரத்தில் பிய்த்து எறிய வேண்டாம். மாற்றும் நாளோடு பொருந்துமாறு திட்டமிடவும் முடியும். தொழும்போது பம்பைப் பக்கவாட்டில் மாட்டிக்கொண்டால் ஸுஜூதில் அழுத்தாது. பள்ளிக்குள் நுழையும்முன் அலாரத்தை அதிர்வு முறையில் வைத்துக்கொள்ளலாம். தராவீஹ் நின்றுகொண்டிருக்கும்போது பம்ப் கத்தினால் பக்கத்தில் நிற்பவர் முறைக்க வேண்டாம். அது பிள்ளையின் உயிருக்கான எச்சரிக்கை.

வீட்டுச் சுவரில் ஒட்டிவைக்க வேண்டியவை

*சர்க்கரை 70க்குக் கீழே:* நடுக்கம், வியர்வை, எரிச்சல், குழப்பம் தெரியும். உடனே 15 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள். ஏறாவிட்டால் மறுபடி கொடுங்கள். மயக்கத்தில் இருப்பவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மருத்துவமனைக்கு விரையுங்கள்.

*சர்க்கரை 250க்கு மேலே போய், திருத்த போலஸ் போட்டும் இறங்காவிட்டால்:* பம்பை நம்பாதீர்கள். பேனா அல்லது சிரிஞ்ச் மூலம் டாக்டர் சொல்லியிருக்கும் அளவைப் போடுங்கள். பிறகு செட்டைப் புதிதாக மாற்றுங்கள். கீட்டோன் பாருங்கள். வாந்தி இருந்தால் காத்திருக்க வேண்டாம், நேராக மருத்துவமனைதான்.

*எப்போதும் கையில்:* இன்சுலின் குப்பி, சிரிஞ்ச் அல்லது பேனா, கூடுதல் செட் ஒன்று, பேட்டரி, குளுக்கோமீட்டர், சீனி. பம்ப் இருக்கிறதே என்று சிரிஞ்சைத் தூக்கிப்போட்டவர்கள்தான் இரவு இரண்டு மணிக்குத் தவிக்கிறார்கள்.

*நம் ஊர் வெயில்:* இன்சுலினுக்கு 30 டிகிரிக்கு மேல் ஆகாது. கத்திரி வெயிலில் வண்டிக்குள் வைத்துவிட்டுப் போனாலோ, கடற்கரை மணலில் பையோடு போட்டாலோ மருந்து வீரியம் இழக்கும். ஹஜ், உம்ரா போவோர் குளிர்ப்பையும் டாக்டர் கடிதமும் எடுத்துக்கொள்ளுங்கள். எம்ஆர்ஐ எடுக்கும் அறைக்குள் பம்ப் போகக் கூடாது. விமான நிலையத்தில் எக்ஸ்ரே பெட்டிக்குள் அனுப்பாமல், கையால் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

வாங்கலாமா, வேண்டாமா?

பம்பின் விலை லட்சங்களில். அதைவிட முக்கியம், மாதாமாதம் செட்டுக்கும் குப்பிக்கும் சென்சாருக்கும் ஆகும் செலவு. வாங்க முடிந்தவர்கள்கூட ஒரு வருடம் கழித்து அலமாரியில் வைத்துவிடுவது இதனால்தான். நம் ஊரில் பல குடும்பங்களுக்குப் பிரான்சில் உறவுகள் உண்டு. அங்கே சமூகக் காப்பீடு இந்தச் செலவை ஏற்பதால், டைப் 1 உள்ள பலரிடம் பம்ப் இருக்கும். "நான் ஒன்று அனுப்பட்டுமா மாமா?" என்று அவர்கள் அன்போடு கேட்கலாம். அந்த மாடலுக்கான செட் இங்கே கிடைக்குமா, பழுதானால் யார் பார்ப்பார்கள், உங்கள் டாக்டருக்கு அந்தக் கருவி பழக்கமா என்று கேட்காமல் சரி என்று சொல்லிவிடாதீர்கள்.

வாங்க முடியவில்லையே என்று எந்தப் பெற்றோரும் குற்ற உணர்வு கொள்ள வேண்டியதில்லை. 1993இல் வெளியான 'டிசிசிடி' என்ற அமெரிக்க–கனடிய ஆய்வு 1,441 பேரைப் பல ஆண்டுகள் கவனித்தது. சர்க்கரையைக் கவனமாகக் கட்டுக்குள் வைத்தவர்களுக்குக் கண், சிறுநீரகம், நரம்பு பாதிப்புகள் பாதிக்கு மேல் குறைந்தன. புதிதாகக் கண் பாதிப்பு தொடங்குவது மட்டும் 76 சதவீதம் குறைந்தது. அந்தக் குழுவில் பம்ப் வைத்தவர்களும் இருந்தார்கள், தினம் மூன்று நான்கு ஊசி போட்டவர்களும் இருந்தார்கள். பலன் தந்தது அடிக்கடி சோதித்து அளவைச் சரிசெய்த ஒழுங்கு. நான்கு ஊசி, போதுமான ஸ்ட்ரிப், கார்ப் கணக்குத் தெரிந்த தாய் தகப்பன்: இவை இருந்தால் பிள்ளை நன்றாக வளரும். புதுச்சேரியில் ஜிப்மரின் எண்டோகிரைனாலஜி துறையை அணுகி, உங்கள் பிள்ளைக்கு எது பொருத்தம் என்று கேளுங்கள்.

ஜமாஅத்துகளுக்கு ஒரு வேண்டுகோள். பம்ப் வாங்கிக் கொடுப்பது பெரிய காரியம். அதற்கு முன், ஸ்ட்ரிப் வாங்கக் காசில்லாமல் வாரம் ஒருமுறை மட்டும் சோதிக்கும் பிள்ளை உங்கள் மஹல்லாவில் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் பிள்ளைக்கு மாதம் இரண்டு பெட்டி ஸ்ட்ரிப் கிடைத்தால் அதுவே பெரிய உதவி.

பெண்பிள்ளை பெற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. "வெளியே தெரிந்தால் நாளைக்கு யார் கட்டுவா?" என்று நோயை மறைக்கிறோம். மறைப்பதற்காகப் பள்ளியில் சொல்லாமல் விடுகிறோம், விருந்தில் போலஸ் போடாமல் விடுகிறோம், துப்பட்டாவுக்குள் அலாரத்தை அணைத்துவிடுகிறோம். ஒளித்து வைத்த நோய்க்கு உதவ ஆள் இருக்காது. நன்றாகக் கவனித்துக்கொண்ட டைப் 1 பெண், மருத்துவரின் கண்காணிப்போடு, குழந்தை பெற்று நலமாக வாழ்கிறாள்.

என் அண்ணன் மகள் இப்போது பதினொன்றாம் வகுப்புக்குப் போகிறாள். சென்ற ரமளானில் டாக்டர் அனுமதித்த சில நாட்கள் மட்டும் நோன்பு வைத்தாள். அஸருக்குப் பிறகு என் அம்மா அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "பேசலைக் குறைச்சுட்டியாம்மா?" என்று கேட்பார். எழுதப் படிக்கத் தெரியாத என் அம்மா அந்தச் சொல்லைக் கற்றுக்கொண்டார். நாமும் கற்றுக்கொள்ளலாம்.

எல்லாம் வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பூரண ஆரோக்கியத்தையும், அவர்களைப் பராமரிப்போருக்குப் பொறுமையையும் தெளிவான அறிவையும் தந்தருள்வானாக. ஆமீன்.